மில் ஓடும் நேரத்தில் மலேரியா இல்லை

இரத்தம் சோதிக்கிற தொழிலில் இரத்தம் ஒரு பிரச்சினையே இல்லை, வெளிச்சம்தான் பிரச்சினை. எக்ஸ்ரே எடுப்பவர்களும் ஸ்டூடியோ நடத்துபவர்களும் இதை வாசித்தால் பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள், நானும் விட்டவன்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்கிலங்கையின் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தனியார் லாபரட்டரியில் வேலை பார்த்தேன். முதலாளி ஒரு ஹாஜியார். புடைவைக் கடையோடு சேர்த்து இதையும் நடத்தினார். எங்கள் மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஒரு சின்னப் பல்பு, மேலே படம் எடுக்க ஒரு கமரா. பல்பு வெள்ளையாக எரிந்தால், சாயம் போட்ட இரத்தத்தில் மலேரியாக் கிருமி நீலப் பொட்டாகத் தெரியும். பல்பு மஞ்சளாகிவிட்டால் நீலம் மங்கி, இருக்கிற கிருமியும் இல்லாமல் போய்விடும். நாங்கள் "இல்லை" என்று எழுதினால் காய்ச்சல்காரர் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போவார். சிலர் பிறகு வரவே மாட்டார்கள். சுகமாகிவிட்டதால்தான் வரவில்லை என்று ஹாஜியார் உறுதியாக நம்பினார்.

அஞ்சு நிமிச லாபரட்டரி

அது அறுவடைக் காலம். எங்களுக்குப் பின்னால் இருந்த அரிசி மில் நாங்கள் கதவு திறக்குமுன்பே ஓடத் தொடங்கி, கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ள, எங்கள் பல்பு மஞ்சளாகப் பழுத்துவிடும். மாலையில் மில் நின்றால் ஊரெல்லாம் விளக்குப் போடும், அதே மஞ்சள். சூரியனைக் கண்ணாடியில் பிடிக்கலாமென்றால் எங்கள் ஒரே ஜன்னல் பக்கத்துக் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு திங்கட்கிழமை நற்பிட்டிமுனையிலிருந்து ஆமினா ராத்தா தன் புருசன் இப்றாகீம் காக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன், அங்கே மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். காக்கா வயலில் வாடி என்கிற குடிசையில் காவலுக்குப் படுத்தவர். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலும். இரத்தம் எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கிருமி நிச்சயமாக இருக்கிற பழைய சிலைட் ஒன்றை வெளிச்சம் பார்ப்பதற்கென்றே வைத்திருந்தேன். அதைப் போட்டால் அதிலும் கிருமியைக் காணோம். "வெளிச்சம் சரியாகட்டும், பிறகு சொல்கிறேன்" என்றேன். ராத்தா எதிர்ப்பக்கத்து லாபரட்டரிக்குப் போய், 'கிருமி இல்லை' என்ற துண்டுச் சீட்டோடு திரும்பி வந்து என் முகத்துக்கு நேரே அதை ஆட்டினார்.

"அங்க அஞ்சு நிமிசத்துல இல்லையெண்டு சொல்லிட்டாங்க. இல்லையெண்டு சொல்றதுக்கு உங்களுக்கு எத்தின நாள் வேணும் தம்பி?"

கலியாண வீட்டு நீலம்

பல்புக்கு மேல் ஒரு நீலக் கண்ணாடி வைத்தால் மஞ்சள் கொஞ்சம் அடங்கும். எங்களுடையது உடைந்து போயிருந்தது. "ஒரு நீலக் கண்ணாடியும், கரண்டைச் சமப்படுத்த ஒரு ரெகுலேட்டரும் கொழும்பிலிருந்து எடுப்பியுங்கள்" என்று ஹாஜியாரிடம் கெஞ்சினேன். மறுநாள் காலையில் அவர் வெற்றிப் புன்னகையோடு ஒரு நீலப் பல்பைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். மாட்டிப் பார்த்தேன். கிருமி நீலம், இரத்தம் நீலம், என் விரல் நீலம், ஹாஜியாரின் தாடியும் நீலம். இதில் எதை எதிலிருந்து பிரித்துப் பார்ப்பது? சொன்னேன். அவருக்கு மனம் நொந்துவிட்டது.

"நீலம் கேட்டாய், நீலம் தந்தன். எங்கட மகள்ட கலியாணச் சோடனைக்கு இந்தப் பல்புதான் போட்ட, ஒருத்தரும் குறை சொல்லல்ல."

அரை மணித்தியாலம்

புதன்கிழமை மில் முதலாளியிடமே போனேன். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் காது கேட்காததால் என் தொழில் நுட்பத்தை எல்லாம் கையால் விளக்கினேன். அரை மணித்தியாலம் மில்லை நிறுத்தினால் ஒரு மனுசன் பிழைப்பான் என்றேன். தவிடு படிந்த புருவத்தை உயர்த்தி, யார் அந்த மனுசன் என்று கேட்டார். நற்பிட்டிமுனை இப்றாகீம் காக்கா என்றேன். அவர் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர்ர நெல்லுத்தான் தம்பி இப்ப குத்துப்படுது. நிப்பாட்டினா முதல்ல ஏசுறது அவர்தான்."

சுத்தமான படம்

எப்படித் தெரிந்தால் வெளிச்சம் சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சுவரில் ஒரு படம் வேண்டும். அறுவடைக்கு முன், மில் ஓடாத நாளொன்றில் அந்தப் பழைய சிலைட்டைக் கமராவில் பிடித்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கைவசம் இருந்தது. பெரிதாக்கித் தரும்படி ஸ்டூடியோவில் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை வாங்கப் போனேன். அருமையான படம், கண்ணாடி போட்டே தந்தார்கள். இரத்த அணுக்கள் பளிங்குபோல் இருந்தன. கிருமி மட்டும் ஒன்றுகூட இல்லை. ஸ்டூடியோக்காரர் இரண்டு நாளாகக் குனிந்திருந்து, நெகட்டிவில் பென்சில் வைத்துக் கிருமிப் பொட்டு எல்லாவற்றையும் மறைத்திருக்கிறார். நான் தலையில் கை வைத்ததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளமார்ர பருவெல்லாம் எடுக்கிற கை இது. இதுல கிடந்த ஊத்தைய மட்டும் உட்டுடுவனா?"

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை முற்பகல் காக்காவை டிரக்டர் பெட்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். ராத்தாவை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. டொக்டரோ, எதிர்ப்பக்கத்துத் துண்டில் 'இல்லை' என்றிருக்க மலேரியா மருந்து தர மாட்டேன் என்றுவிட்டார். மில் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு பழுத்திருந்தது. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. இந்த மனுசன் என் பெஞ்சிலேயே போய்விடுவார் என்று நினைத்தேன். நான் பக்கத்து ஊரான பாண்டிருப்புக்காரன், வழக்கமாக வெள்ளி மதியம் சைக்கிளில் வீட்டுக்குச் சோற்றுக்குப் போய்விடுவேன். அன்று சோறு இறங்காது என்று தெரிந்ததால் போகவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். கடைகள் சாத்தப்பட்டன. மில் நின்றது. நான் எதையும் தொடவில்லை. பல்பு தானாகவே வெளுத்தது. பழைய சிலைட்டைப் போட்டேன். நீலப் பொட்டுகள் அத்தனையும் வந்திருந்தன. வெளிச்சத்தை அதற்கு அளவாகத் திருத்தி, அப்படியே கைவைக்காமல் திங்கட்கிழமை எடுத்த காக்காவின் சிலைட்டை வைத்தேன். பார்க்கிற இடமெல்லாம் கிருமி. சந்தோசத்தில் கத்திவிட்டேன், நோய் இருப்பதற்குச் சந்தோசப்படுகிற பிழைப்பு எங்களுடையதுதான். துண்டை எழுதிக் கொடுத்தேன், தொழுகை முடிந்ததும் மருந்து கிடைத்தது.

அடுத்த கிழமை காக்கா தன் காலால் நடந்து வந்தார். கூட வந்த ராத்தா, அவர் சுகமானதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். என்மேல்தான் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

"திங்கக்கிழமை எடுத்த ரெத்தத்துல வெள்ளிக்கிழமைதான் கிருமி தெரியுது. ஏன் தம்பி, அந்தக் கிருமியும் ஜும்ஆக்கு மட்டுந்தான் வெளிக்கிட்டு வருமா?"

ஊர் உலகமெல்லாம் மீற்றர் பார்த்துச் சரிசெய்கிற வெளிச்சத்தை, வாரத்துக்கு ஒரு முறை பள்ளிவாசல் பாங்கைக் கேட்டுச் சரிசெய்து சம்பளம் வாங்கிய இந்து அனேகமாக நான் ஒருவன்தான்.