வெண்குழியத்தின் பெயரில் ஓர் ஊசி

இரத்தத்தின் வெண்குழியங்கள் உதிர்க்கும் நுண்ணிய பைகளோடு நான்கு ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறேன். உடலில் ஒரு கலம், அதாவது உயிரணு, இன்னொரு கலத்துக்கு அனுப்பும் பொருள்கள் அந்தப் பைகளுக்குள் போகின்றன. அவற்றில் மருந்தை ஏற்றி, நோயுற்ற கலத்திடம் சேர்க்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. பெரும்பாலான நாள்களில் முடிவதில்லை.

என்னோடு படித்தவன் ஒருவன், பக்கத்து மேசையைப் பார்த்தே பரீட்சை எழுதியவன், வெளிநாட்டிலிருந்து வந்து அதே பைகளை நோவுக்கு ஊசியாகப் போடும் நிலையம் திறந்தான். வட்டுக்கோட்டையில் விளக்கக் கூட்டமும் வைத்தான். உடுவிலில் இருக்கும் என் அக்கா, முழங்கால் நோவோடு அலையும் ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்தில் அவன் கழுத்துப்பட்டி கட்டி வியர்த்துக்கொண்டு நின்றான். வெயிலில் நின்ற காருக்குள்ளிருந்து ஊசிமருந்துக் குப்பிகளை எடுத்து வந்தார்கள். ஆய்வுகூடத்தில் உறைகுளிரில் வைத்தே என்னால் அந்தப் பைகளைக் காப்பாற்ற முடிவதில்லை. எழும்பிக் கேட்டேன்.

"உது எந்தக் கலத்திலை இருந்து எடுத்தது?"

"நல்ல கலங்களிலை இருந்துதான்."

சபை தலையாட்டியது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவன் வளர்ந்ததில் எனக்கு எரிச்சல் என்று திரும்பும் வழியெல்லாம் அக்கா சொன்னார்.

எனக்குச் சொல்லாமலே முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டார். நாலாம் நாள் முழங்கால் வீங்கி, காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சீழ் எடுத்தார்கள். அடுத்த ஊசிக்கென்று அவரிடம் கொடுத்திருந்த குப்பியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் மூன்று தரம் சோதித்தேன். பை ஒன்றுகூட இல்லை. வெறும் உப்புத்தண்ணீர். பொய்யைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன்.

சோதனை முடிவைக் கொண்டுபோய் அவன் மேசையில் போட்டேன். வாசிக்கவில்லை. வாசித்தாலும் விளங்கியிராது.

"சனத்துக்கு நோ குறையுது. உம்மடை ஆராய்ச்சியாலை ஆருக்குக் குறைஞ்சது?" என்றான்.

அந்த மடையன் கேட்ட கேள்விதான் இன்னும் எரிகிறது.

சுகாதாரத் திணைக்களத்துக்கு அவன்மீது முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதி, அக்காவின் கட்டிலருகே நீட்டினேன். கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார். அவன் ஏமாற்றினவன் என்பதை மட்டும் மறுக்கவில்லை.

"ஓம், கள்ளன்தான். ஆனா என்ரை காலைத் தொட்டுப் பாத்து எங்கை நோகுதெண்டு கேட்டவன். நீ ஒருநாள் கேட்டனியோ?"

நான் என் பெயரில் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பினேன். நிலையம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அக்கா பொல்லை ஊன்றி நடக்கிறார்.