ரசமட்டம் அக்கா கட்டிய தேர்வுச் சுவர்

அவளை எல்லோரும் ரசமட்டம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிட உட்காரும் பெஞ்சில்கூட ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "கோணலா இருக்கு, சாப்பாடு எப்படி நேரா இறங்கும்?" என்று கேட்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பதினான்கு வருஷம் தலையில் கலவைச் சட்டி சுமந்தவள். கலவை பூசும் கரணையைத் தொட்டால் கொத்தனார்கள் விரட்டுவார்கள். நாற்பது வயதில், தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு, ஊரிலிருந்த கட்டடத் தொழிற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாள். நானும் அதே வகுப்பு.

அங்கே காலையில் கட்டும் சுவரை மாலையில் நாங்களே பிரித்துவிடுவோம். மறுநாளைக்கும் அதே செங்கல் வேண்டுமே. அதனால் கலவையில் சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பும் மணலும்தான். பத்து மாதம் இப்படியே ஓடியது.

இறுதித் தேர்வுக்கு மட்டும் நிஜச் சுவர். பக்கத்து மழலைப் பள்ளியின் தாழ்வாரத்தில், மார்பு உயரத்துக்கு, அவள் ஒற்றை ஆளாகக் கட்டினாள். கலவை போட்டுக் கொடுத்தது நான். மாலையில் வந்த எங்கள் பயிற்சி மாஸ்டர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, ஒரு நூல்கூடப் பிசகவில்லை என்று அவளுக்கு முதலிடம் கொடுத்தார். முதலிடத்துக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியில் கொத்தனார் வேலை. மறுநாள் கம்பெனி எஞ்சினியர் சுவரைப் பார்த்துவிட்டுக் கையோடு உத்தரவு கொடுப்பார். இரண்டாமிடம் எனக்கு. வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

காலையில் பூச்சு வேலைக்குப் போனோம். மேல்வரிசைச் செங்கல் ஒன்றை அவள் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாள். கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டைகள் மூலையில் பிரிக்காமலே கிடந்தன. வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து, பழக்க தோஷத்தில் பயிற்சிக் கலவையையே போட்டிருக்கிறேன்.

"அக்கா, பூசிட்டா யாருக்கும் தெரியாது. எஞ்சினியர் வர்ற நேரம்," என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

அவள் குனிந்தாள். சுவரடியில் பிள்ளைகள் வரிசையாக வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகு உள்ளங்கையை ஊன்றி ஒரே தள்ளு. சுவர் முழுவதும் சரிந்து கொட்டியது.

வாசலில் எஞ்சினியர் நின்றிருந்தார்.

"யாரும்மா கலவை போட்டது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "பதினாலு வருஷம் கலவை சுமந்தவ சார் நான். கையில எடுத்ததுமே தெரிஞ்சிருக்கணும். சுவர் என்னுது."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் தேர்வில் தோற்றாள். வேலை உத்தரவு அன்று மாலையே எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் எங்கள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் கூலியாட்கள் வந்தார்கள். நான் கட்டுகிற சுவருக்குக் கலவை சுமந்து வந்தது அவள்.

"நல்லா இருக்கியா தம்பி?" என்று கேட்டபடி சட்டியை என் காலடியில் இறக்கினாள்.