மங்கை கல்யாணத்தில் பதினாறு ரேடியோ

திருவொற்றியூரில் ரேடியோ செய்யும் கம்பெனி ஒன்றில் ஜெயக்கொடிக்குப் பற்றவைக்கிற வேலை. வாய் திறந்து அதிகம் பேசமாட்டாள். கை மட்டும் பேசும். அவள் புருஷன் தண்டபாணி ஹார்பரில் கிரேன் ஓட்டுபவன். 1974-ல் பர்மா பஜாரிலிருந்து பேட்டரியில் ஓடும் கேசட் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி வந்தான். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஸ்பீக்கர் கிழிசல்.

"ஏமாந்துகினு வந்துட்டனே!" என்று தலையில் கைவைத்தான்.

ஜெயக்கொடி ஒரு வாரம் குனிந்து உட்கார்ந்தாள். பவுடர் டப்பாவுக்குள் செம்புக்கம்பிச் சுருளும் இன்னும் நாலைந்து சாமானும் வைத்துப் பற்றவைத்தாள். ரெக்கார்டரிலிருந்து டப்பாவுக்கு ஓர் ஒயர். அவ்வளவுதான். எட்டத்தில், அலமாரி மேலிருந்த ரேடியோவின் முள்ளைத் திருப்பினாள், ரெக்கார்டரில் ஓடிய கேசட்டின் நாதஸ்வரம் அதில் பொழிந்தது.

"இன்னாம்மே, காத்துல வருது!" என்றான் தண்டபாணி.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவின் மகள் மங்கைக்குக் கல்யாணம். அன்று காலையில் கரண்ட் போனது. மைக் செட் ஊமையாகிவிட்டது. மணக்கோலத்தில் இருந்த மங்கைக்கு அழுகை முட்டியது.

ஜெயக்கொடி ரெக்கார்டரும் டப்பாவுமாக வந்தாள். டப்பாவிலிருந்து இன்னோர் ஒயரை இழுத்துப் பந்தல் மூங்கில் உச்சியில் கட்டினாள்.

"பேட்டரி ரேடியோ வெச்சிருக்கறவங்க எல்லாம் எடுத்துகினு வாங்க. முள்ள நான் சொல்ற எடத்துல வைங்க."

பதினாறு ரேடியோ வந்தன. பந்தலுக்குப் பக்கத்தில் கரையேற்றிக் கிடந்த படகின் விளிம்பில் ஒன்று, பிரியாணி அண்டா பக்கத்தில் ஒன்று. பெரியவர் வெள்ளத்துரை தன்னுடையதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தார். தாலி ஏறும்போது பதினாறிலும் கெட்டிமேளம் முழங்கியது.

கேசட் முடிந்ததும் தண்டபாணி ரெக்கார்டரோடு வந்த மைக்கை அதில் சொருகி ஜெயக்கொடி கையில் திணித்தான். "பேசும்மே!"

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "பந்தி ரெடி... வெள்ளத்துரை மாமா, நீ ரெண்டாவது தபா குந்தாத."

படகிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் சிரிப்பு வெடித்தது. மங்கை சிரித்த சிரிப்பில் மாலை நழுவியது. அப்புறம் ஜெயக்கொடியை நிறுத்த முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பச்சையம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ரேடியோவத் தொறந்து வெச்சிகினு எல்லாரும் குந்திகினு கீறாங்க. இன்னிக்கி இன்னா போடப்போற?"

"கேசட்டு ஒண்ணுதான் கீது யக்கா. நீயே பாடேன்."

பச்சையம்மா வெட்கத்தோடு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.