இரண்டு கணினிக்கு ஒரே நூற்றெட்டு

சுகிர்தாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அப்படித்தான் அவள் சொல்லிக்கொள்வாள். மாமியார் கூப்பிட்டால் நெல்லையப்பர் கோயிலுக்குப் போவாள், திருநீறு கொடுத்தால் பூசிக்கொள்வாள், பிரகாரத்தை விட்டுவிடாமல் சுற்றியும் வருவாள். நம்பிக்கை மட்டும் கிடையாதாம். கணிதம் படித்து, அதற்கு மேல் கணினியும் படித்தவள். எதற்கும் காரணம் கேட்காமல் விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு ராசியான எண் காலை வாரிவிட்ட கதை இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் அவள் பாளையங்கோட்டையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தாள். மையம் ஆவுடைநாயகம் அண்ணாச்சியுடையது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருந்த பூர்வீக வயலில் பாதியை விற்று, மாடி பிடித்து, கணினிகளை வரிசையாக வாங்கிப் போட்டவர். நெல் விளைந்த காசைக் கண்ணாடிப் பெட்டியில் கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாணவர் கூட்டம் வரத் தொடங்கியதும் சிரித்தவர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டணத்தில் ஏதாவது பார்த்துப் போடச் சொன்னார்கள்.

சுகிர்தாவோடு படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரிலும் மீதிப் பேர் அமெரிக்காவிலும் இருந்தார்கள். அவள் மட்டும் இங்கேயே இருந்தாள். கணவன் கணேஷ்ராம் அரசுப் பள்ளி ஆசிரியர். பெண் குழந்தை இரண்டாம் வகுப்பு. ஊரைவிட்டுப் போகிற பேச்சே வீட்டில் எழவில்லை. அவளும் எழுப்பவில்லை. ஆனால் தினமும் புதுப்புது முகங்களுக்கு விடுமுறைக் கடிதம் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்துக் கொடுத்து, படித்த படிப்பெல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று உள்ளுக்குள் பயந்தாள். இருந்த இடத்திலிருந்தே ஒரு நல்ல வேலை செய்துவிட வேண்டும், ஒன்றே ஒன்று போதும் என்பதுதான் அவள் ஆசை.

அந்த ஒன்று ஐப்பசி மாதம் வந்தது. செல்போன் திரையில் தெரிகிற மாதிரி ரயில் நேரங்களைக் காட்டும் பக்கங்கள் செய்து தர வேண்டும் என்று சென்னை நிறுவனம் ஒன்று ஆள் தேடியது. முதலில் மாதிரி செய்து காட்ட வேண்டும். பிடித்திருந்தால் முழு வேலையும் இங்கேயே. பாளையங்கோட்டையில் அப்போது செல்போனைக் கையால் தொட்டவர்களே அபூர்வம். சுகிர்தாவும் தொட்டதில்லை. நிறுவனம் அனுப்பிய குறுந்தகட்டில் ஒரு போலிப் போன் இருந்தது. கணினித் திரையில் போனின் படம் வரும். மவுஸால் அதன் பொத்தான்களை அமுக்கினால் நிஜப் போன் என்ன செய்யுமோ அதையே அதுவும் செய்யும்.

போன் கேட்கும் பக்கங்களை எடுத்துக் கொடுப்பதற்கு வேறு மாதிரியான கணினி ஒன்று தனியாக வேண்டியிருந்தது. புதிதாக வாங்க அண்ணாச்சிக்கு மனசில்லை. அதற்கும் சுகிர்தா வழி கண்டுபிடித்தாள். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓடவிடும் மென்பொருள் புதிதாக வந்திருந்தது. உள்ளே ஓடும் கணினிக்குத் தனிப் பெட்டி கிடையாது, ஆனால் தன்னை முழுக் கணினி என்றே நினைத்துக்கொள்ளும்.

"வயித்துக்குள்ள புள்ள மாதிரின்னு சொல்லுத" என்றார் அண்ணாச்சி. "செலவில்லாமப் பெத்துக்கிட்டா சரிதாம்மா."

வயரால் இணைத்த வலையில் சேர்கிற ஒவ்வொரு கணினிக்கும் கதவிலக்கம் மாதிரி ஓர் எண் வேண்டும். ஒரே எண் இரண்டு கணினிக்கு இருக்கக் கூடாது. மையத்தில் ஒன்றிலிருந்து ஏழு வரை உண்டு, அடுத்தது ஒன்பது. எட்டு கிடையாது. அண்ணாச்சிக்கு எட்டு ஆகாது. எட்டாம் தேதி கடை திறக்கமாட்டார், எட்டு என்று முடிகிற வண்டியில் ஏறமாட்டார். எண் போடும் வேலை பேச்சிராஜுடையது. சேரன்மகாதேவிக்காரன், அக்கம்பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்து அவன் தாயார் படிக்கவைத்த பிள்ளை. மையத்தின் வயர் முழுவதும் அவன் கையால் இழுத்தது. அதை யாராவது குறை சொன்னால் பொல்லாத கோபம் வரும்.

மென்பொருளை ஏற்றிய அன்றைக்குப் பேச்சிராஜ் லீவு. உள்ளே இருக்கும் கணினிக்குச் சுகிர்தாவே எண் போட்டாள். எந்த எண் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். இருநூற்றுச் சொச்சம் எண்கள் சும்மா கிடந்தன. காரணம் கேட்கிற அந்தப் புத்தி அந்த ஒரு நிமிஷம் எங்கே போயிற்றோ, கை தானாக நூற்றெட்டு என்று அடித்தது. நல்ல காரியம், நூற்றெட்டாக இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் நாள் போலிப் போனில் ரயில் நேரம் அழகாக வந்தது. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் வந்தது, பதினோரு மணிக்கு நின்றது. கணினி ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க ஒரு கட்டளை உண்டு. இருக்கியா என்று கேட்டால், இருக்கேன் என்று பதில் வரும். நூற்றெட்டைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ஆள் இருக்கிறது, பேச்சுக் கொடுக்கிறது, பக்கத்தைக் கேட்டால் மட்டும் கையை விரிக்கிறது. சுகிர்தா எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். உள்ளிருந்த கணினியையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். பயனில்லை. வெளியே விடாத மழை. இணைப்பு முனைகளில் ஈரம் இறங்கியிருக்கும், செய்தி பாதி வழியில் சிந்துகிறது என்று முடிவு கட்டினாள்.

பேச்சிராஜ் முனைகளை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினான். "வயரு நல்லாத்தான் இருக்குக்கா. வேற எங்கனயோ இருக்கு" என்றான்.

மாதிரியைப் பார்க்கச் சென்னைக்காரர் வரும் தேதி நெருங்கியது. அண்ணாச்சி எல்லாரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். சுகிர்தா, இன்னொரு ஆசிரியரான சங்கர், கட்டணம் வாங்கும் பாலம்மாள், பேச்சிராஜ். என்னதான் கோளாறு என்று கேட்டார். சுகிர்தாவுக்கு இரண்டு வாரத்து அலுப்பு. அவள் கோட்டைவிட்டால் அந்த வேலையைப் பிடித்துக்கொள்ளச் சங்கர் வேறு காத்திருந்தான்.

"வயர்தான் அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

"ஏலே பேச்சி, ஒரு வயர ஒழுங்கா இழுக்கத் தெரியல, உனக்குச் சம்பளம் ஒரு கேடா?" என்றார் அண்ணாச்சி. பேச்சிராஜ் வயர் முனை பொருத்தும் குறட்டை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். சுகிர்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போனான். மறுநாள் அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் வந்து புது வயர் இழுத்தான். பழைய வயரைச் சுருட்டி மாடிப்படி மூலையில் போட்டார்கள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, புது வயரிலும் ரயில் நேரம் நின்றது.

சுகிர்தா சாயங்காலம் மாணவர்கள் போனதும் உள்ளிருந்த கணினியை அணைத்தாள். பழக்க தோஷத்தில் கை மறுபடியும் அந்தக் கட்டளையை அடித்தது. நூற்றெட்டு, இருக்கியா?

இருக்கேன் என்று பதில் வந்தது.

அவளுக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இப்போதுதான் தன் கையாலேயே அணைத்தாள். செத்தவன் எங்காவது பதில் சொல்வானா? நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த அறையில் பாலம்மாள் அன்றைய ரசீதுகளை முடித்து, கட்டணக் கணினியை அணைத்துவிட்டு, "வாரேன் டீச்சர்" என்று குடையை எடுத்தாள். சுகிர்தா மறுபடி கேட்டாள். இப்போது நூற்றெட்டிலிருந்து பதிலே இல்லை.

கட்டணக் கணினி அரதப்பழசு. தன் எண்ணை வேறொருவர் வைத்திருந்தால் சண்டைக்குப் போகக்கூடத் தெரியாதது. கட்டணம் கட்ட ஆள் வந்தால்தான் பாலம்மாள் அதைப் போடுவாள். அது பெரும்பாலும் பதினோரு மணிக்கு மேல். போலிப் போன் கேட்டதெல்லாம் அதன் வாசலுக்குப் போயிருக்கிறது. ரயில் நேரம் அதற்கு எங்கே தெரியும்? நூற்றெட்டு என்ற எண் இரண்டு கணினிக்கு இருந்தது, அதில் ஒன்றுக்குப் போட்டவள் தானே என்று புரிந்தபோது சுகிர்தாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே பேச்சிராஜ் அந்த வயர்க் குறட்டை மேசைமேல் வைத்த சத்தம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

காலையில் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வாரத்தை வீணடித்தது நீதானா என்று கேட்டு வேலையைச் சங்கரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்ற பயம். சென்னைக்காரர் வந்துபோகும் வரை ரசீதைக் கையால் எழுதும்படி பாலம்மாளிடம் சொல்லிவிட்டு, சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறினாள்.

வயலில் பிசானப் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. பேச்சிராஜ் முழங்கால் சேற்றோடு நாற்றுக்கட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தாய் இசக்கித்தாய் நிமிர்ந்து, "வாங்க டீச்சர், வரப்பு வழுக்கும், பைய வாங்க" என்றாள். மகனுக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது சுகிர்தாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நூற்றெட்டு என்றதும் பேச்சிராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான்; நெற்றி முழுக்கச் சேறு.

"நல்ல நம்பராப் போடுலேன்னு அண்ணாச்சி சொன்னாவ. அதான் கட்டணக் கம்ப்யூட்டருக்கு நூத்தெட்டு போட்டேன். உங்ககிட்டச் சொல்லாம விட்டது என் தப்புதான்."

"உன்ன வயர்னு சொன்னது என் தப்பு, பேச்சி. மன்னிச்சுக்கோ. திரும்ப வந்துரு."

அவன் ஒரு நாற்றுக்கட்டை எடுத்துத் தள்ளி வீசினான். "எங்கிட்டச் சொல்லி என்னக்கா செய்ய? வயரு கெட்டதுன்னு எங்கிட்டயா சொன்னிய? நாலு பேரு முன்னால சொன்னிய. அந்தப் பழிய எடுக்கதையும் அங்கன வச்சுத்தான் எடுக்கணும்."

அந்த நாலு பேரும் இனி ஒன்றாகக் கூடப்போவது சென்னைக்காரர் வருகிற அன்றைக்குத்தான். சுகிர்தா வெள்ளிக்கிழமை காலையில் அவனை மையத்துக்கு வரச் சொன்னாள். அவன் அடுத்த நாற்றுக்கட்டுக்குக் குனிந்தான்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வேதநாயகம் என்பவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். போலிப் போனின் பொத்தான்களை அவரே அமுக்கிப் பார்த்தார். நெல்லை விரைவு வண்டி நேரம் வந்தது, செங்கோட்டை வண்டி நேரம் வந்தது. ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. "நல்லா இருக்கே" என்றார்.

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "முன்னால கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு சார். ஒரு பய இழுத்த வயரு சரியில்ல. ஆளையும் மாத்தி வயரையும் மாத்தினோம், இப்ப பாருங்க!" என்றார்.

சுகிர்தா வாசலைப் பார்த்தாள். செருப்புகள் கிடக்கும் இடத்தில் பேச்சிராஜ் நின்றிருந்தான். எப்போது வந்தானோ தெரியவில்லை. பேசாமல் இருந்தால் வேலை கைக்கு வந்துவிடும். இத்தனை வருஷம் ஏங்கியது. பேசாமல் இருந்துவிடத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது, அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை.

"வயர்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி" என்றாள். "கட்டணக் கணினிக்கு இருந்த நம்பரையே பாக்காம நான் இதுக்கும் போட்டுட்டேன். ரெண்டும் ஓடுனா இது நிக்கும். புது வயர்லயும் நின்னுச்சு. இன்னைக்கு அதைப் போடாம வச்சிருக்கேன், அதான் ஓடுது. நான் பேச்சி மேல பழியப் போட்டேன். அவன் வயர் நல்ல வயர்."

சங்கர் தலையைக் குனிந்துகொண்டான். பாலம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அதுக்கா எங் கை நோவ ரசீது எழுத வச்சிய?"

வேதநாயகம் சுகிர்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நம்பரை மாத்திட்டு, அந்தக் கணினியையும் போட்டுக் காட்டுங்க" என்றார்.

அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று அவருக்கே தெரியவில்லை. "ஏலே, அங்கன என்ன நிக்க? உள்ள வா. இதுக்கு ஒரு நல்ல நம்பராப் போடு."

பேச்சிராஜ் உள்ளே வந்தான். "நல்ல நம்பரு போட்டுத்தான் இம்புட்டும் வந்துச்சு அண்ணாச்சி. எட்டு சும்மாத்தான கெடக்கு? அத ஒரு பயலும் தொடமாட்டான்."

அண்ணாச்சி கண்ணை மூடினார். உதடு மட்டும் "முருகா" என்று அசைந்தது. பிறகு கையை ஆட்டினார்.

சுகிர்தா எட்டு என்று அடித்தாள். பாலம்மாள் கட்டணக் கணினியைப் போட்டாள். வேதநாயகம் பொத்தானை அமுக்கினார். செங்கோட்டை வண்டி நேரம் வந்தது. திரும்பத் திரும்ப அமுக்கினார், வந்துகொண்டே இருந்தது. "அடுத்த மாசத்திலிருந்து வேலையை ஆரம்பிச்சிருங்க" என்று சுகிர்தாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவரை வழியனுப்பிவிட்டு அண்ணாச்சி மேலே வந்தார். மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் குறட்டை எடுத்துப் பேச்சிராஜ் முன்னால் வைத்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

"படி மூலையில உன் வயரு கெடக்கு. புதுச கழட்டிட்டு அதையே மாட்டுலே" என்றார்.

பேச்சிராஜ் குறட்டை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் போனான். வயர்ச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, முதல் முனையைக் கழற்றத் தொடங்கினான். அவன் தோள் குலுங்கியது. சுகிர்தா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, சுருளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.