கம்ப்யூட்டர் கேட்ட பிறந்த தேதி

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து முடித்த சட்டை எதுவும் அவள் மேஜையைத் தாண்டாமல் பெட்டிக்குள் போக முடியாது. தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும், பொத்தான் துளையில் பிசிறு இருந்தாலும், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். "மாமியார்கூட இவ்வளவு குறை கண்டுபிடிக்க மாட்டா" என்று மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அப்பேர்ப்பட்டவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையிலேயே ஒரு பெரிய பிழை இருந்தது. வயது. இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருந்ததால், ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்ட் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இருபத்தஞ்சு, சரியா?" என்று தானே ஒரு தேதியை எழுதிக்கொண்டான். அவளும் சரி என்று தலையாட்டினாள். சம்பளம், விடுப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த அட்டையை வைத்துத்தான். அட்டைக்கு இப்போது முப்பத்தேழு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அதைவிட அதிகம் என்று முட்டிவலிக்குத் தெரியும்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். முதல் ஐந்து வருடத்தில் இரண்டு தரம் உண்டானாள். இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அதன் பிறகு அந்த ஆசையை மூட்டை கட்டி ஒரு மூலையில் போட்டாயிற்று. இந்தத் தடவை நாள் தள்ளிப்போனபோது, சரி, நிற்கிற காலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ஸ்கேன் அறையில் அந்தத் துடிப்பைக் காட்டியபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். செய்தியைக் கேட்டதும் எழுந்தார். வெளியே போய்க் கழுவியிருந்த வேனை மறுபடியும் கழுவினார்.

தாய்சேய்ப் பிரிவில் வாசல் ஊழியர் முதல் நாளே அவளைத் தடுத்து நிறுத்தினார். "துணைக்கு வந்தவங்க வெளிய உக்காருங்கம்மா. பொண்ணு மட்டும் உள்ள போகட்டும்."

"நான்தாங்க பொண்ணு" என்றாள் பூதக்கண்ணாடி.

வரிசையில் இருந்த சின்னஞ்சிறுசுகள் சிரித்தன. அவளும் சிரித்துவைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு கண்ணில் நீர் முட்டியது.

பன்னிரண்டாம் வாரம் ரத்தம் எடுத்தார்கள், குழந்தையின் பிடரியை ஸ்கேனில் அளந்தார்கள். அடுத்த வாரம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த நர்ஸ், மகள் வயதுப் பெண், காகிதத்தைக் கையில் கொடுத்துச் சிரித்தாள். "நல்ல செய்திக்கா. குழந்தைக்கு மூளை வளர்ச்சிக் குறை இருக்க வாய்ப்பு தொள்ளாயிரத்துல ஒன்னுதான். இருநூத்தம்பதுக்குக் கீழ வந்தாத்தான் கவலை."

"இதை எப்படி சிஸ்டர் கண்டுபிடிக்கறீங்க?"

"ரத்தம், ஸ்கேன் அளவு, உங்க வயசு, மூணையும் கம்ப்யூட்டர்ல போட்டா அதுவே கணக்குப் பண்ணிச் சொல்லிடும்."

வயசு. பூதக்கண்ணாடி காகிதத்தைப் பார்த்தாள். மேலே மூன்றாவது வரியில் முப்பத்தேழு என்று இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவளுக்கு வேலை ஓடவில்லை. கோணல் காலர் ஒன்று அவள் மேஜையைத் தாண்டிப் போய் மேலதிகாரியே எடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு சாயங்காலம், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வந்த காலி வேனில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"என்னங்க, அந்தக் கணக்கு தப்பு. வயசை மாத்திப் போட்டா நம்பர் மாறும்."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

"தெரியும்."

"சரி, நிஜ வயசு என்ன? எங்க வீட்ல பேசி முடிச்சப்போ இருபத்திரண்டுன்னாங்க. அது நிஜமா?"

கல்யாணச் சந்தையில் பெண்ணுக்கு வயது ஏறாது, எல்லா வீட்டிலும் அப்படித்தான். பள்ளிச் சான்றிதழ்படி பார்த்தால் இப்போது நாற்பத்தொன்று. அதுவும் சேர்க்கப்போன அன்று தலைமையாசிரியர் மனதில் தோன்றிய தேதி. பெற்றவள் இருந்தால் கேட்கலாம், அவள் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. மிச்சம் இருப்பது அண்ணன்தான். அங்கிருந்தே போன் போட்டாள்.

"அண்ணா, நான் எந்த வருஷம் பொறந்தேன்?"

"இப்போ எதுக்கு அதெல்லாம்?"

"சொல்லேன்."

"நான் மூணாவது முழுப்பரீட்சை எழுதிட்டு வந்தேன், நீ பொறந்திருந்தே. அன்னிக்கி எனக்குச் சோறு போட ஆளில்லை, அதனால நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்போ உன் வயசு என்ன?"

"பென்ஷன் வயசா, நிஜ வயசா?" என்று கேட்டான் அண்ணன்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் போனைக் கணவரிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணி, கூட்டிக் கழித்து, நாற்பத்து மூன்று என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். "ஒன்னு முன்னப்பின்ன இருக்கலாம் மாப்பிள்ளை" என்றான் அண்ணன், காய்கறி எடை சொல்வதுபோல.

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு நர்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து பழைய கணக்கைத் திறந்தாள். பள்ளிச் சான்றிதழ் வருடத்தைப் போட்டாள். முந்நூற்று இருபதில் ஒன்று. அண்ணன் சொன்ன வருடத்தைப் போட்டாள். நூற்றுத் தொண்ணூறில் ஒன்று.

அதே ரத்தம், அதே பிடரி, அதே குழந்தை. ஒரு வருடத்தைப் போட்டால் பச்சை எழுத்து, இன்னொரு வருடத்தைப் போட்டால் சிவப்பு எழுத்து. பூதக்கண்ணாடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

"எதை வெச்சுக்கட்டும்க்கா?"

"உங்களுக்கு எது சரின்னு தோணுது சிஸ்டர்?"

"நான் எப்படிச் சொல்றது? தேதி போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும். சுமாரான்னு போட முடியாது."

நர்ஸ் இருவரையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். அவர் பொறுமையாகத்தான் பேசினார். சந்தேகம் என்றால் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கலாம், அது நிச்சயமான பதில். ஆனால் முந்நூறு பேரில் ஒருவருக்கு அந்த ஊசியாலேயே கரு கலையக்கூடும். முடிவு வர மூன்று வாரம் ஆகும்.

"ஏற்கனவே ரெண்டு போயிருக்கு டாக்டர்."

"தெரியும்மா. அதனாலதான் நான் கட்டாயப்படுத்தலை. வேணாம்னாலும் சரிதான்."

"குறை இருக்குன்னு வந்தா?"

"அதையும் நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும்."

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவர் மீது அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அரை நிமிடத்தில் அதுவும் அடங்கிவிட்டது, ஏனென்றால் அவர் வேன் சாவியைக் கைக்குட்டையில் முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எது சொன்னாலும் சரிம்மா" என்றார். ஏதாவது ஒன்றை அவர் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

நாற்பத்து மூன்றைப் போடச் சொன்னாள். சந்தேகப்பட்ட ஒரு துணியைக்கூட அவள் இதுவரை பார்க்காமல் பெட்டிக்குள் போடவிட்டதில்லை, வேறு காரணம் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அட்டைத் தேதியும் ஆஸ்பத்திரிக் கோப்புத் தேதியும் ஒத்துப்போகாது, கம்பெனிக்குக் கடிதம் போகும் என்று நர்ஸ் எச்சரித்தாள். போகட்டும் என்றாள்.

பதினாறாம் வாரம். படுக்கையில் படுத்தாள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். கணவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். திரையில் குழந்தை கால் மேல் கால் போட்டு நிம்மதியாகப் படுத்திருந்தது.

"அசையாம இருங்கம்மா. மூச்சை மெதுவா விடுங்க" என்றார் டாக்டரம்மா.

ஊசி திரையில் ஒரு வெள்ளைக் கோடாக இறங்கியது. அதே நேரத்தில் குழந்தை கையைத் தூக்கியது. தள்ளிப் படு, தள்ளிப் படு என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். அவளால் விரலைக்கூட அசைக்க முடியாது. அசைந்தால் என்ன ஆகுமென்று சொல்லியிருந்தார்கள். பெற்றவள் என்று பெயர், அங்கே அவளால் ஆகக்கூடியது சும்மா கிடப்பது மட்டும்தான். கை மெதுவாகக் கீழே இறங்கியது. ஊசி வெளியே வந்தது. குழாயில் வெளிறிய மஞ்சளாய் ஒரு வாய்த் தண்ணீர்.

அரைமணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். நர்ஸ் குழாயில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். தாயின் பிறந்த தேதி என்ற இடத்தில் அண்ணனின் முழுப்பரீட்சை நாளை எழுதினாள்.

"சிஸ்டர், குழந்தை பொறந்தா தேதி யார் எழுதுவாங்க?"

"நாங்கதான்க்கா. மணி, நிமிஷத்தோட எழுதுவோம்."

"நீங்களே எழுதுங்க. யாரையும் கேட்டு எழுதாதீங்க. கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்க."

நர்ஸ் குழாயைப் பெட்டியில் வைத்து மூடினாள். அவளைத் திரும்பிப் பார்க்காமல், "பொறக்கட்டும்க்கா, எழுதறேன்" என்றாள்.