மீதி பதினேழு ஸ்தோத்திரம்

காலையில் நூறு ஸ்தோத்திரம் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று எங்கள் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் பாஸ்டரம்மா சொன்னார். மற்றவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நான் பயந்துபோய்த் தலையாட்டினேன். அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவதுக்கு அப்போது நான்காம் மாதம். கடவுளைத் துதிப்பதில் என் பக்கம் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. பெருங்களத்தூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வாடகை வீடு. விடிந்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பவுடர் டப்பாவில் இருக்கும் நூறு புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு கிண்ணத்தில் போடுவேன். குழாயில் தண்ணீர் வந்ததற்கு ஸ்தோத்திரம். ரேஷனில் சர்க்கரை கிடைத்ததற்கு ஸ்தோத்திரம். வாந்தி நின்றதற்கு ஸ்தோத்திரம். ஐம்பதைத் தாண்டினால் விஷயம் தீர்ந்துவிடும், பிறகு வெறும் ஸ்தோத்திரம்தான். "ஜெபமாலை தோத்துது போ" என்று கணவர் கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பு வராது. எண்ணிக்கை குறைந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே போட்டுக்கொண்ட சட்டம் அது. பாஸ்டரம்மாவே வந்து ரத்து செய்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஒன்பதாம் மாதம். ஒரு நாள் காலை எண்பத்து மூன்றாவதில் இருந்தபோது கேஸ் சிலிண்டர் வந்தது. எழுந்து போனேன். அதற்குள் கணவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் அடுப்பைப் பற்றவைத்து, இட்லி ஊற்றி, அவரை அனுப்பிவிட்டேன். பத்து மணிக்கு நான் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் பிள்ளை உதைக்கும், அது அதன் வழக்கம். அன்று உதைக்கவில்லை. இடது பக்கமாகச் சரிந்து படுத்தேன். வயிற்றைத் தட்டினேன். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அப்போதுதான் டப்பாவுக்குள் மிச்சம் கிடந்த பதினேழு கொட்டைகள் கண்ணில் பட்டன. 

புத்தியுள்ள எவளும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். நான் தரையில் உட்கார்ந்தேன். பதினேழையும் சொன்னேன். பிள்ளை அசையவில்லை. அடுப்பைப் பற்றவைத்த பிறகு சொன்னது செல்லாது போலிருக்கிறது என்று நினைத்து, நூறையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. நடுவில் எண்ணிக்கை தப்பியது. மறுபடியும் ஒன்றிலிருந்து. இப்படியே மணி பன்னிரண்டாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாயின் மனைவி அவர்.

"இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"புள்ள அசையல அக்கா. இன்னும் நாப்பதுதான் பாக்கி. முடிச்சிட்டு..."

"இன்னா நாப்பது? எழுந்திரு மொதல்ல."

என்ன நாற்பது என்று அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். தெருமுனை ஆட்டோவில் ஏற்றினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தபடி உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். என்னால் ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்ல முடியவில்லை. டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டோமே என்ற கவலைதான் எனக்கு.

தாம்பரத்தில் டாக்டரம்மா புனல் போன்ற குழாயை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"துடிப்பு இருக்கு. ரொம்ப ஸ்லோவா இருக்கு," என்றார். உடனே ஆபரேஷன். பெண் பிள்ளை. கொடி கழுத்தில் இரண்டு சுற்று சுற்றியிருந்ததாம். பிறந்து வெகுநேரம் கழித்துத்தான் அழுதாளாம். இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வைத்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரம் நின்றாள்.

"அசைவு எப்ப நின்னுச்சு?"

"பத்து மணிக்குத் தெரிஞ்சுது."

"வந்தது பன்னெண்டே முக்கால். வீடு எங்க?"

"பெருங்களத்தூர்."

"பக்கம்தானே. அதுவரைக்கும் வீட்ல என்னம்மா செஞ்சுகிட்டு இருந்தீங்க?"

ஆட்டோ கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சிலுவையைப் பார்த்ததில் ஒரு தைரியம் வந்துவிட்டது.

"ஸ்தோத்திரம் சொல்லிட்டிருந்தேன், சிஸ்டர்."

அதனால்தான் பிள்ளை பிழைத்தது என்று அவள் சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். பிள்ளையைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"வர்ற வழியில சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள்.