கோடில்லாத கினபாலு

அப்துல் கையூமுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சிராங்கூன் ரோடு அறிந்த சங்கதி. ஆனால் 1962இல் அந்த ஒருநாள் வந்த கோபத்தைத் தெருவே அதற்கு முன் பார்த்ததில்லை.

பத்தொன்பது வருஷமாகக் கல்யாண ஜோடிகளையும் பாஸ்போர்ட் முகங்களையும் படம் பிடித்து அலுத்துப்போன மனிதர். ஸ்டூடியோவை இரண்டு வாரம் பூட்டிவிட்டு, ஜெசல்டன் துறைமுகத்துக்குக் கப்பலேறி, கினபாலு மலையின் உச்சிவரை போய்வந்திருந்தார். மூன்று விடியல்கள் மேகம் விலகவே இல்லை. விரல் விறைத்து, கையிலிருந்த பிஸ்கட்டும் தீர்ந்த நாலாம் காலையில் பத்தே நிமிஷம் மேகம் திறந்தது. இரவு பெய்த மழை பாறையெங்கும் வழிந்து, வெயில் பட்டதும் வெள்ளைக் கோடுகளாக மின்னியது. தேறியது ஒரே ஒரு நெகட்டிவ். புகைப்படக் கண்காட்சிக்குக் கொடுக்க இரண்டு நாள்தான் பாக்கி. ‘பாஸ்போர்ட் பாய்’ என்று தன்னைக் கேலி பேசும் படச் சங்கத்துக்காரர்கள் வாயை இது அடைக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தார்.

பிரிண்ட் போட்டால் கோடுகளைக் காணோம். மலை மொட்டையடித்த தலைபோல வழவழவென்றிருந்தது.

முகத்தில் இருக்கும் தழும்புகளை நெகட்டிவிலேயே பென்சிலாலும் பிளேடு நுனியாலும் போக்குவது ரத்தினம்மாவின் வேலை. காய்ந்த நெகட்டிவ் எல்லாம் அவள் தட்டுக்குத்தான் போகும். பழக்கதோஷத்தில் இதையும் அங்கே வைத்தவர் கையூமேதான். சுரண்டியது சுரண்டியதுதான், திரும்ப ஒட்டாது.

கண் அவிந்தா போச்சு என்று கத்தினார். மலைக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம் என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பக்கத்துக் கடையில் தையல் மிஷின் நின்றது.

ரத்தினம்மா பிளேடைக் கீழே வைத்தாள்.

“போன மாசம் ஒரு கல்யாணப் பொண்ணு வந்துச்சே பாய், கன்னத்துல தீக்காயத்தோட. அந்தப் பொண்ணக் கேட்டுட்டுத் தழும்ப எடுக்கவான்னு உங்கள கேட்டேன். கோடு எங்க இருந்தாலும் எடுத்துடுங்க, என்னைக் கேக்காதீங்கன்னீங்க. படத்தைப் பார்த்துட்டு, இது நான் இல்லையேன்னு அது அழுதுச்சு. அழகாத்தானே இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டீங்க.”

கையூம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் சேதுபதி உள்ளே வந்து, சண்டையைத் தணிக்கிற நல்லெண்ணத்தில், ஈரப் படத்தைக் கையில் எடுத்தார்.

“அழகாத்தானே இருக்கு பாய். இதுக்கா இவ்வளவு சத்தம்?”

கையூம் அதைப் பிடுங்கி நாலாகக் கிழித்துப் போட்டார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேமராவை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“அந்தப் பொண்ணு வீடு எங்க?”

குவீன்ஸ்டவுனில் என்றாள் ரத்தினம்மா. நெகட்டிவ் உறையில் விலாசம் இருந்தது.

“நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க” என்றார். அதையும் எரிந்து விழுந்துதான் சொன்னார். “அந்தப் பொண்ணோட புது நெகட்டிவ மட்டும் தொடாதீங்க.”